ஸ்டாப்வாட்ச் சொல்வதும் சொல்லாததும்: ஓடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு



பள்ளி விளையாட்டுப் போட்டிகள் நடக்கும் மாதங்களில் நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில், கல்விக் கட்டணம், மருத்துவச் செலவு ஆகியவற்றோடு ஓட்டக் காலணிக்கும் பயணச் செலவுக்கும் உதவி கேட்டு வருபவையும் இருக்கின்றன. மாஷா அல்லாஹ், மகிழ்ச்சிதான். ஆனால் பெரும்பாலான மனுக்களில் காரணமாக ஒரே ஓர் எண்தான் எழுதப்பட்டிருக்கிறது: "1500 மீட்டரை 4 நிமிடம் 50 விநாடியில் ஓடினான்." அதே எண் சபுரில் இருக்கும் வாப்பாவுக்கும் வாட்ஸ்அப்பில் போகிறது. "இது நல்ல நேரமா? இவனை இதில் விடலாமா?" என்ற கேள்வி அங்கிருந்து நம்மிடமே திரும்பி வருகிறது. இன்னொரு பக்கம், ஆறாவதாக வந்த பிள்ளையிடம் "உனக்கு ஓட்டம் சரிப்படாது" என்று சொல்லி, அந்த வருடத்தோடு நிறுத்திவிடும் வீடுகளும் உண்டு. இரண்டு முடிவுகளும் ஒரே எண்ணை வைத்து எடுக்கப்படுபவை. அந்த எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த கோ. லட்சுமணனை எடுத்துக்கொள்வோம். 2017 ஜூலையில் புவனேஸ்வரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். 5000 மீட்டரில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 14 நிமிடம் 54 விநாடி. அடுத்த மாதமே லண்டன் உலகப் போட்டியில் அதே தூரத்தை 13 நிமிடம் 35 விநாடியில் ஓடினார். முன்னதைவிட ஒரு நிமிடத்துக்கும் அதிக வேகம். ஆனால் இறுதிச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. மெதுவாக ஓடியபோது தங்கம், வேகமாக ஓடியபோது வெளியேற்றம்! காரணம் சிக்கலானதல்ல. புவனேஸ்வரில் புழுக்கம், யாரும் முந்திப் போய் வேகத்தைக் கூட்ட விரும்பாமல் கூட்டமாக ஓடிக் கடைசிச் சுற்றுகளில் மோதிக்கொண்டார்கள். லண்டனில் குளிர்ந்த காற்று, உடன் ஓடியவர்கள் உலகின் முதல் வரிசை. நேரத்தை மட்டும் பார்த்தவருக்கு இந்த இரண்டில் எது பெரிய ஓட்டம் என்று தெரிந்திருக்காது. அப்போது அவருக்கு வயது 27 என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கு வருவோம். கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் வியர்வை காயாது. உடல் சூடு இறங்காது. சித்திரை வெயிலில் காலை பத்து மணிக்கு ஓடிய நேரத்தையும், மார்கழியில் ஃபஜ்ருக்குப் பிறகு ஓடிய நேரத்தையும் பக்கத்தில் வைத்து "குறைந்துவிட்டான்" என்று சொல்வது நியாயமல்ல. நோன்பு மாதத்தில் நேரமே பார்க்க வேண்டாம். லேசான ஓட்டம் போதும்.

அதைவிடப் பெரிய சந்தேகம் மைதானத்தின் மேல் வர வேண்டும். சுண்ணாம்புக் கோடு போட்ட 200 மீட்டர் டிராக் மூன்று மீட்டர் குறைவாக இருந்தால் யாருக்கும் தெரியாது. 1500 மீட்டருக்கு ஏழரைச் சுற்று. ஆக 22 மீட்டருக்கு மேல் மிச்சம். ஐந்து நிமிடத்தில் ஓடும் பிள்ளைக்கு அது நாலரை விநாடி லாபம். வேறு மைதானத்தில் சரியான தூரத்தை ஓடும்போது அந்த நாலரை விநாடி "பின்னடைவு" ஆகிவிடும், வீட்டில் திட்டு விழும். அதேபோல் 400 மீட்டர் டிராக்கில் இரண்டாவது பாதையிலேயே ஓடினால் ஒவ்வொரு சுற்றுக்கும் சுமார் 7 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். செல்போன் காட்டும் தூரமும் வளைவுகளில் தவறும். எனவே ஒரே மைதானம், ஒரே நேரம், ஒரே தூரம் என்று வைத்து, பிள்ளையை அவனுடைய பழைய நேரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அடுத்தது உடல் வளர்ச்சி. 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஓடும் இருவருக்கு ஒன்றரை, இரண்டு வருட வயது வித்தியாசம்கூட இருக்கலாம். ஒரே வயதிலும், ஒருவனுக்கு மீசை அரும்பிக் குரல் உடைந்திருக்கும். மற்றவன் இன்னும் குழந்தை உடம்போடு இருப்பான். பொதுவாகப் பையன்கள் 14 வயதை ஒட்டியும், பெண்பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் வேகமாக உயரம் கூடுவார்கள். முன்னதாக வளர்ந்தவன் இன்று ஜெயிப்பது திறமையாகவும் இருக்கலாம், வெறும் வளர்ச்சியாகவும் இருக்கலாம். சின்ன உடம்போடு மூன்றாவதாக வந்தவனை நாங்கள் அதிக ஆவலோடு பார்ப்போம். பிறந்த தேதியைத் திருத்திக் கீழ்ப்பிரிவில் ஓடவைப்பது ஹராம் என்பது ஒருபுறம்; பெரிய போட்டிகளில் எலும்புப் பரிசோதனையில் அது மாட்டிக்கொள்ளும் என்பது இன்னொரு புறம்.

உயரம் கூடும் மாதங்களில் முழங்காலுக்குக் கீழும் குதிகாலிலும் வலி வருவது சகஜம். "சோம்பேறித்தனம்" என்று அடட்டாமல் ஓட்டத்தைக் குறையுங்கள். நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சின்ன வயதிலேயே நீண்ட தூரம் ஓடவைத்தால் முன்னேறிவிடுவான் என்று நினைப்பவர்கள் ஒடிசாவின் புதியா சிங்கை நினைவில் கொள்ளட்டும். 2006 மே மாதம், நான்கு வயதில், பூரியிலிருந்து புவனேஸ்வர் வரை 65 கிலோமீட்டரை ஏழு மணி நேரத்தில் ஓடினான். நாடே பேசியது. பிறகு அரசு தலையிட்டு அந்த ஓட்டங்களைத் தடுத்தது. வளர்ந்தபின் நெடுந்தூர ஓட்டத்தின் தேசிய முன்னணியில் அந்தப் பெயரைக் காணோம். பள்ளி விளையாட்டில் 14 வயதுக்குட்பட்டோருக்கு 600 மீட்டரோடு நிறுத்தியிருப்பது காரணமில்லாமல் அல்ல. எதிர் உதாரணம் மகாராஷ்டிரத்தின் அவினாஷ் சாப்ளே. விவசாயக் குடும்பம், ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் முறையாக ஓட்டத்துக்கு வந்தார். 2022 காமன்வெல்த் போட்டியில் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் வெள்ளி.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 13 முதல் 16 வயதுக்குள் அவர்களுடைய நேரம் ஓரிரு வருடம் அப்படியே நின்றுவிடலாம், சற்று மோசமாகவும் ஆகலாம். பருவமடைந்த உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் காலம் அது. "முடிந்துவிட்டது" என்று வீடுகள் முடிவு கட்டுவது சரியாக இந்த இடத்தில்தான். சிஃபான் ஹஸன் எத்தியோப்பியாவிலிருந்து அகதியாக நெதர்லாந்துக்கு வந்தது 15 வயதில். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மராத்தான் தங்கம் வென்று ஹிஜாபுடன் மேடையேறியபோது வயது 31. இடையில் 16 ஆண்டுகள்!

நேரம் காரணமில்லாமல் சரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது ரத்தசோகை. அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம். கீரை, பேரீச்சை, ஈரல், மீன் சேருங்கள்; சாப்பாட்டோடு டீ குடிப்பதை நிறுத்துங்கள், அது இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது. (நம் ஊரில் இது கஷ்டமான வேண்டுகோள் என்று தெரியும்.) ஓடும் பெண்பிள்ளைக்கு மாதவிலக்கு சில மாதங்கள் நின்றுபோனால் உம்மாமார்கள் கூச்சப்படாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு உடலுக்குப் போதவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம்.

அப்படியென்றால் எதைத்தான் பார்ப்பது? கடைசிச் சுற்றைப் பாருங்கள். 3000 மீட்டரில் முதல் கிலோமீட்டரில் பறந்து கடைசியில் தள்ளாடுபவனைவிட, பத்து விநாடி பின்னால் வந்தாலும் கடைசிக் கிலோமீட்டரை வேகமாக முடிப்பவனிடம் மிச்சம் அதிகம். வாரத்துக்கு எத்தனை நாள் பயிற்சி செய்து இந்த நேரம் வந்தது என்று கேளுங்கள். இரண்டு நாள் ஓடி ஐந்து நிமிடத்தில் முடிப்பவனும், ஆறு நாள் ஓடி அதே நேரத்தில் முடிப்பவனும் சமமல்ல. தோற்ற மறுநாள் யாரும் எழுப்பாமல் மைதானத்துக்குப் போகிறானா என்பதை நாங்கள் ஒரு வெண்கலத்தைவிடப் பெரிதாக எண்ணுகிறோம்.

இந்த ஆண்டு முதல் விளையாட்டு உதவிக்கு மனு செய்யும் குடும்பங்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். மாதம் ஒரு முறை ஓடிய நேரமும் மைதானத்தின் பெயரும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரமும் எடையும், எந்த வலியால் எத்தனை நாள் ஓடவில்லை என்பதும் தேதியோடு இருக்கட்டும். பிள்ளையே தன் கையெழுத்தில் எழுதினால் நல்லது. மனுவோடு அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள். பரிசுச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.