எல்லையோர மனநோயாளிக்கு மருந்து மட்டும் போதுமா? காஞ்சிபுரம் ஆய்வு காட்டும் வழி

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டி வாழும் மனநோயாளிகளுக்குச் சிகிச்சை எட்டாமல் போவதற்கு மருந்தின்மை மட்டுமே காரணமன்று. மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் உடன் செல்பவரும் கூலியை இழக்கிறார். அங்கு சென்ற பின்பும், நோயாளி சொல்வது மருத்துவருக்கு முழுமையாக விளங்க வேண்டும்.

கேரள அரசின் மூன்று மனநல மையங்கள் திருவனந்தபுரம், திருச்சூர், கோழிக்கோடு ஆகிய நகரங்களில் உள்ளன. பாலக்காட்டிலோ இடுக்கியிலோ அத்தகைய மையம் இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் சிகிச்சை முகாம்களே அங்கு முதன்மை ஆதாரம். மூணாறு தேயிலைத் தோட்டங்களிலும் மறையூர், காந்தளூர், வட்டவடை மலைக் கிராமங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் தமிழ் பேசுவோர் மிகுதி. அட்டப்பாடியில் வாழும் இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினருக்குத் தனித்தனிப் பேச்சுமொழிகள் உண்டு. தேனிக்கும் கோயம்புத்தூருக்கும் சிகிச்சைக்காக எல்லை கடப்போரும் உள்ளனர். அவர்களது மருந்துச் சீட்டு ஒரு மாநிலத்திலும், குடும்ப அட்டையும் உதவித்தொகையும் மறு மாநிலத்திலும் இருக்கின்றன. நோயாளி அடுத்த மாதம் வராவிட்டால், அவரைத் தேடிச் செல்ல வேண்டிய பொறுப்பு இரு தரப்புக்கும் இடையே நழுவிப் போகக்கூடும்.

இந்த இடைவெளியை நிரப்ப, மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்ப் பணியாளர்களால் இயலுமா என்பதை ஆராய்ந்தது 'காப்சி' என்னும் ஆய்வு. மனநல மருத்துவர் சுதிப்தோ சாட்டர்ஜி தலைமையிலான குழுவினர் கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா, தமிழகத்தின் காஞ்சிபுரம் ஆகிய இடங்களில் இதனை நடத்தினர். சென்னையின் 'ஸ்கார்ஃப்' மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர்.தாராவும் இக்குழுவில் இடம்பெற்றார். முடிவுகள் 2014-ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் வெளியாகின.

மனச்சிதைவு நோயாளிகள் 282 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். 95 பேருக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. மற்ற 187 பேருக்கு அதனுடன், பயிற்சி பெற்ற பணியாளர்களின் ஆதரவும் கிடைத்தது. இப்பணியாளர்கள் நோயைப் பற்றிக் குடும்பத்தினருக்கு எடுத்துரைத்தனர். மருந்து தவறாமல் உட்கொள்ளச் செய்தனர். நோயாளி மீண்டும் வேலைக்கும் உறவினரிடமும் திரும்ப உதவினர். 12 மாதங்களுக்குப் பின், நோயின் அறிகுறிகளும் அன்றாட வாழ்வில் ஏற்படும் முடக்கமும் இவர்களிடம் கூடுதலாகக் குறைந்திருந்தன. வேறுபாடு மிதமானதே, செலவும் அதிகம். ஆயினும், மருத்துவ வசதி அரிதாக உள்ள கிராமப்புறங்களில் இம்முறையைத் தொடங்குவதே பொருத்தம் என ஆய்வாளர்கள் பரிந்துரைத்தனர். மூணாறுக்கு அப்பால் மலைச்சரிவில் கிடக்கும் வட்டவடைக்கு இப்பரிந்துரை அப்படியே பொருந்தும்.

முடக்கத்தை அளவிட இவ்வாய்வு பயன்படுத்திய 'ஐடியாஸ்' அளவுகோல் கவனத்துக்குரியது. இந்தியாவில் மனநோயாளிகளுக்கு மாற்றுத்திறன் சான்றிதழ் வழங்கவும் இதே அளவுகோலே பயன்படுகிறது. தன்னைத் தானே பேணுதல், பிறருடன் பழகுதல், பேசுதலும் புரிந்துகொள்ளுதலும், வேலை ஆகிய நான்கும் இதில் மதிப்பிடப்படுகின்றன. மதிப்பெண் 40 சதவீதத்தை எட்டினால்தான் பெரும்பாலான சலுகைகளுக்கு வழி பிறக்கும். கேள்வி மலையாளத்திலும் பதில் தமிழிலோ இருளர் மொழியிலோ அமையும்போது, மூன்றாவது கூறில் அளவிடப்படுவது நோயா, மொழித் தடையா என்ற ஐயம் எழுவது இயல்பு. நோயாளியின் வீட்டையும் தொழிலையும் அறிந்த சமூகப் பணியாளர் அருகில் இருந்தால் இந்த ஐயத்துக்குப் பெரிதும் இடமிராது.

நோயின் தன்மை, சிகிச்சைத் திட்டம் ஆகியவற்றை நோயாளிக்குப் புரியும் மொழியிலும் வடிவிலும் தெரிவிக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 22, கூறுகிறது. எனவே எல்லையோரத்தில் தமிழ் அறிந்த பணியாளரை அமர்த்துவது சலுகையன்று.

நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழகம், கேரளம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் மேற்கொண்ட தேசிய மனநல ஆய்வின்படி, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதத்தினர் சிகிச்சை பெறாமல் உள்ளனர்.

மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையைத் தமிழ், மலையாளம் உள்ளிட்ட மொழிகளில் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தொடர்புகொள்ளலாம். கடும் மனச்சிதைவில் உள்ளவர் தாமாகவே தொலைபேசியை எடுப்பது அரிது. அவருக்காகக் குடும்பத்தினரும் இந்த எண்ணை அழைக்கலாம்.