டென்னிஸ் மட்டை வாங்கப் போறீங்களா? முதல்ல கையை அளந்துக்குங்க!

"பையனை டென்னிஸ் கோச்சிங்கில் சேர்த்திருக்கோம், டாக்டர்!" என்று சந்தோஷமாகச் சொல்கிற பெற்றோரிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, "எந்த கோச்?" என்பதல்ல. "மட்டை எத்தனை இன்ச்?" என்பதுதான். பெரும்பாலும் பதில் வராது. "கடையில கொடுத்தாங்க, வாங்கிட்டு வந்தோம்" என்பார்கள்.

சித்த வைத்தியருக்கு டென்னிஸ் மட்டையில் என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது. மட்டை பொருந்தாவிட்டால் முழங்கை வலியோடு வந்து நிற்பது எங்கள் வாசலில்தானே!

யூனிஃபார்ம் வேறு, மட்டை வேறு

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. ஸ்கூல் யூனிஃபார்மை இரண்டு இன்ச் உள்ளே மடித்துத் தைப்போம். ஷூவை ஒரு சைஸ் பெரிசாக வாங்குவோம். 'வளர்ற பிள்ளை, அடுத்த வருஷமும் ஆகட்டுமே' என்கிற சிக்கனம்தான். தப்பில்லை. ஆனால் டென்னிஸ் மட்டையில் மட்டும் இந்தச் சிக்கனம் கூடவே கூடாது.

பத்து வயதுப் பையனை அவன் அம்மா அழைத்து வந்தார். வலது முழங்கையில் வலி. இரண்டு மாதமாக வீட்டில் தைலம் தேய்த்திருக்கிறார். கையை முழுசாக நீட்டச் சொன்னேன். அவனால் நீட்ட முடியவில்லை. கையோடு மட்டையையும் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். பார்த்தால், பெரியவர்கள் ஆடும் 27 இன்ச் மட்டை! சாம்பியன்கள் போடுகிற விறைப்பான பாலியெஸ்டர் நரம்பு வேறு.

வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் முனையில் குருத்தெலும்பாலான வளர்ச்சிப் பகுதி உண்டு. அது எலும்பைவிட மென்மையானது. நீளமான மட்டையை வீசி வீசி ஆடும்போது இழுப்பெல்லாம் அங்கேதான் விழும். அதனால் நான் அந்தக் கையைத் தேய்க்கவில்லை. எலும்பு மருத்துவரிடம் அனுப்பி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். வளர்ச்சிப் பகுதியில் உளைச்சல் என்று தெரிந்தது. நல்லவேளை, முறிவு இல்லை. ஆட்டத்துக்கு முழு ஓய்வு கொடுத்தார்கள்.

அந்த அம்மா கண் கலங்கிவிட்டார். "அவங்கப்பா மிச்சம் பிடிச்சு ஆசையா வாங்கினது டாக்டர்... வேஸ்ட்டாயிடுமே!" என்றார்.

"மட்டை எங்கேயும் போயிடாதும்மா. மூணு வருஷம் பரண்ல இருக்கட்டும். பிள்ளையோட எலும்பு அப்படிக் காத்திருக்காது" என்றேன். வலி முழுசாகப் போன பிறகு 25 இன்ச் மட்டையோடு திரும்ப ஆடப் போனான்.

பிள்ளைகளுக்கு எந்த அளவு?

வயதைவிட உயரத்தைப் பார்த்து வாங்குவது நல்லது.

* மூன்றரை அடி உயரம் வரை - 21 இன்ச். இன்னும் சின்ன வாண்டுகளுக்கு 19.
* நான்கு அடி வரை - 23 இன்ச்.
* நான்கிலிருந்து நாலரை அடி வரை - 25 இன்ச்.
* அதற்கு மேல் - 26 இன்ச்.
* ஐந்து அடியைத் தொட்ட பிறகு - 27 இன்ச். பெரியவர்களுக்கும் இதே அளவுதான்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிள்ளையை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கையைத் தொங்கவிட்டு மட்டையைக் கீழ்நோக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். மட்டையின் நுனி தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் சரி. தரையில் இடித்து, முழங்கையை மடக்க வேண்டியிருந்தால் அந்த மட்டை வேண்டாம்.

பந்தையும் கவனியுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கென்றே சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று வேகம் குறைந்த பந்துகள் இருக்கின்றன. பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கான போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்து கூடாது என்று சர்வதேச டென்னிஸ் சம்மேளனமே 2012 முதல் விதி வைத்திருக்கிறது. பிள்ளைகளின் கைக்கு இது பெரிய உபகாரம்.

பெரியவர்களுக்கு மூன்று விஷயங்கள்

எடை: நம்ம ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனாரே, அப்போதெல்லாம் மரமட்டைதான். 370, 400 கிராம் என்று கனக்கும். இன்றைய கிராஃபைட் மட்டைகள் 250 கிராமிலிருந்தே கிடைக்கின்றன. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நரம்பு கட்டாத நிலையில் 260 முதல் 285 கிராம் வரை சௌகரியம். ரொம்பக் கனமானால் தோள் களைக்கும். ரொம்ப லேசானாலும் ஆபத்து! பந்தின் அடியை மட்டை தாங்காமல் கை தாங்க வேண்டி வரும்.

தலைப்பகுதி: 100 சதுர இன்ச்சும் அதற்குச் சற்று மேலும் இருந்தால் நல்லது. பந்து நடுவில் படாமல் கொஞ்சம் விலகிப் பட்டாலும் மட்டை கைக்குள் திருகிக்கொள்ளாது. அந்தத் திருகல்தான் முழங்கைக்கு எமன்.

கைப்பிடி: மட்டையை இயல்பாகப் பிடியுங்கள். விரல் நுனிகளுக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் நடுவே இடைவெளி தெரியும். அதில் மற்ற கையின் ஆள்காட்டி விரல் கச்சிதமாக நுழைந்தால் அதுதான் உங்கள் அளவு. விரல் நுழையவில்லையா, பிடி சின்னது. இடம் மிஞ்சுகிறதா, பிடி பெரிது. இரண்டிலுமே மட்டை நழுவாமலிருக்க நீங்கள் இறுக்கிப் பிடிப்பீர்கள். முன்கைத் தசைகள் ஓயாமல் வேலை செய்யும்.

'கட்' போடும் ரகசியம்

மட்டைக்கு நரம்பு கட்டுவதைக் கடையில் 'கட் போடுவது' என்பார்கள். கட் என்றால் ஆங்கிலத்தில் குடல். என்ன, ஆச்சரியமாக இருக்கிறதா? பிரான்சில் பபோலா நிறுவனம் 1875-லேயே விலங்குகளின் குடலிலிருந்து டென்னிஸ் நரம்பு செய்தது. இன்றும் மாட்டுக் குடலில் செய்கிற நரம்பு உண்டு. கைக்கு ரொம்ப இதமானதும் அதுதான், விலை அதிகமானதும் அதுதான். ஈரம் பட்டால் கெட்டுவிடும்.

நம் வீட்டுக்கு நைலான் போதும். அதிலும் மெல்லிய இழைகள் பலவற்றைச் சேர்த்து முறுக்கிய மல்டிஃபிலமென்ட் ரகம் குடல் நரம்புக்கு அடுத்தபடி மென்மையானது. பாலியெஸ்டர் நரம்பு, 1997-ல் குயர்டன் அதைக் கட்டி ஆடி ஃபிரெஞ்சு ஓப்பனை ஜெயித்த பிறகு பிரபலமானது. பந்தை நன்றாகச் சுழற்றும். ஆனால் விறைப்பு ஜாஸ்தி. பிள்ளைகளுக்கும், கை வலி உள்ளவர்களுக்கும் அது வேண்டாம்.

அடுத்தது இழுவிசை. மட்டையின் சட்டத்திலேயே '50-60 பவுண்டு' என்பது போல அச்சிட்டிருப்பார்கள். 55 பவுண்டு என்றால் கிட்டத்தட்ட 25 கிலோ. கட்டும்போது ஒவ்வொரு நரம்பையும் ஒரு சிப்பம் அரிசியைத் தொங்கவிட்ட மாதிரி இழுக்கிறார்கள் என்று அர்த்தம்! இறுக்கிக் கட்டினால் பந்து சொன்ன இடத்துக்குப் போகும், அதிர்ச்சி கைக்கு வரும். தளர்த்திக் கட்டினால் பந்து தானாகத் துள்ளிப் போகும், கைக்கும் இதம். அதனால் அச்சிட்ட அளவின் நடுவில், அல்லது அதற்கு இரண்டு பவுண்டு கீழே கட்டச் சொல்லுங்கள். 'நல்லா டைட்டா போடுங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள்!

முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். மட்டையை மெஷினில் அசையாமல் பொருத்தி, நெடுக்கு நரம்புகளை நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் சமமாக இழுத்துக்கொண்டே போவார். பிறகு குறுக்கு நரம்பு, பாய் பின்னுகிற மாதிரி ஒன்றின் மேல், ஒன்றின் கீழ். ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் சட்டம் கோணிவிடும். ஒரு நரம்பு அறுந்தால்கூட மற்றவற்றையும் உடனே வெட்டிவிடச் சொல்வது அதனால்தான்.

நரம்பு அறுகிற வரை காத்திருக்கவும் வேண்டாம். கட்டிய நாளிலிருந்தே அது தளர ஆரம்பித்துவிடும். வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறீர்களோ, வருஷத்தில் அத்தனை முறை மாற்றுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டையைப் போட்டு வைக்காதீர்கள். நரம்புக்கு நடுவே செருகுகிற ரப்பர் பொத்தான் சத்தத்தைத்தான் குறைக்கும். முழங்கை வலியைத் தடுக்கும் என்று நம்பி ஏமாறாதீர்கள்.

வலி வந்துவிட்டால்?

முழங்கையின் வெளிப்பக்கம் தொட்டால் வலி, காபி டம்ளரைத் தூக்கினால் வலி, துணி பிழிந்தால் வலி. இதுதான் 'டென்னிஸ் எல்போ'. பேர்தான் டென்னிஸ்! மட்டையையே தொடாத இல்லத்தரசிகளுக்கும் இது வரும். கனமான கிரிக்கெட் மட்டை பிடித்த சச்சினுக்கு 2004-ல் வந்து, 2005-ல் அறுவை சிகிச்சை வரை போனது.

வலி வந்த புதிதில் ஆட்டத்தை நிறுத்துங்கள். துணியில் சுற்றிய ஐஸை பத்து நிமிடம் வையுங்கள். வீக்கம் இருக்கும்போது அழுத்தித் தேய்ப்பது, சொடக்கு எடுப்பது, உருவி விடுவது எல்லாம் கூடாது. 'தொக்கணம்' என்று எங்கள் சித்த மருத்துவத்தில் தேய்ப்பதற்கென்றே தனி முறை உண்டு. அதற்கு நேரம், காலம், ஆள் மூன்றும் சரியாக அமைய வேண்டும்.

வீக்கம் வடிந்த பிறகும் பெரியவர்களுக்கு மந்தமான வலி இருந்தால், நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து, பொறுக்கும் சூட்டில் ஒத்தடம் கொடுக்கலாம். இதம் தரும். சர்க்கரை நோயாளிகள் சூட்டில் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ, இரண்டு வாரத்தில் வலி குறையாவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். பிள்ளைகளுக்கு வலி என்றால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். கை வைத்தியமும் வேண்டாம்.

கடைக்குப் போகும்போது பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போங்கள். விளம்பரத்தில் வரும் வீரரின் கை வேறு, உங்கள் பிள்ளையின் கை வேறு. மட்டை அவன் கைக்குப் பொருந்தட்டும். பிறகு பாருங்கள், காலையில் நீங்கள் எழுப்ப வேண்டியதே இல்லை... ஷூவை மாட்டிக்கொண்டு அவனே வாசலில் நிற்பான்!