லின்னேயஸ் விட்டுச் சென்ற ஏடுகள்

அறிஞர் ஒருவர் மறைந்தபின் அவருடைய நிலமும் வீடும் பிள்ளைகளைச் சேர்கின்றன. அவர் வாழ்நாளெல்லாம் எழுதிய குறிப்புகளும் கடிதங்களும் யாரைச் சேர வேண்டும்? குடும்பத்தையா, அவர் பிறந்த நாட்டையா, அன்றி அவற்றைப் பேணிப் பயன்படுத்த வல்லவரையா? இவ்வினாவைத் தெளிவாக ஆராய்வதற்குச் சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் காரல் லின்னேயஸ் அவர்களின் ஏடுகள் அடைந்த கதி நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

லின்னேயஸ் 1707ஆம் ஆண்டில் ஒரு கிராமத்துக் குருவின் மகனாகப் பிறந்தார். வறிய மாணவராய் 1728இல் உப்சாலாப் பல்கலைக்கழகத்தை அடைந்த அவர், 1741இல் அங்கேயே மருத்துவப் பேராசிரியரானார். அக்காலத்தில் செடியொன்றின் பெயர் அதன் இலை, பூ, காய் அனைத்தையும் விரித்துரைக்கும் ஒரு நீண்ட இலத்தீன் வாக்கியமாகவே இருந்தது. அதனை நினைவில் வைப்பதும் எடுத்துச் சொல்வதும் அரிய காரியங்கள். லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட தாவர இனங்கள் பற்றிய பெருநூலில், ஒவ்வோர் இனத்துக்கும் இரண்டே சொற்களாலான பெயரை வழங்கினார். நம்மூர் வேலிகளிற் படரும் கார்த்திகைப்பூவுக்கு ‘குளோரியோசா சுபேர்பா’ என்னும் பெயர் அந்நூலிலேயே அமைந்தது. தாவரங்களுக்கு விஞ்ஞானப் பெயரிடும் மரபு இன்றும் அந்நூலையே தொடக்கமாகக் கொள்கின்றது.

அவர் 1778இல் காலமானார். அவர் பதவியை ஏற்ற மகனும் 1783இல் இறந்துபோகவே, கைம்பெண்ணாகிய சாரா எலிசபெத் அம்மையார் குடும்பத்தின் நிலையைக் கருதி ஏடுகளை விற்க முன்வந்தார். இங்கிலாந்தில் ஜேம்ஸ் எட்வேட் ஸ்மித் என்னும் இளம் மருத்துவ மாணவர், செல்வரான தம் தந்தையின் பணத்தைக் கொண்டு, ஏறத்தாழ ஆயிரம் கினிக்கு அவற்றை வாங்கினார். ஏறக்குறைய 14,000 உலர்தாவரங்களும், 1,600 நூல்களும், 3,000 கடிதங்களும், பூச்சிகளும், சிப்பிகளும் 1784இல் கப்பலேறி இலண்டன் சென்றன. அக்கப்பலைச் சுவீடன் மன்னரின் போர்க்கப்பல் துரத்திச் சென்றதென்று ஒரு கதை உண்டு. அது வெறுங் கதையே. ஆயினும், நாட்டின் செல்வம் கைநழுவிப் போயிற்றே என்ற ஏக்கம் எவ்வளவு ஆழமானதென்பதை அக்கதை காட்டுகின்றது. ஸ்மித் 1788இல் தொடங்கிய லின்னேயன் சங்கம், அவர் மறைந்தபின் 1829இல் இவற்றை வாங்கிக்கொண்டது. இன்றும் அவை இலண்டனிலேயே உள்ளன.

எனின், உப்சாலாவில் எஞ்சியது யாது? கடிதத்தின் இயல்பை எண்ணிப் பார்த்தால் விடை தோன்றும். கடிதம் எழுதியவரிடம் தங்குவதில்லை, பெற்றவரிடமே தங்குகின்றது. ஆகவே லின்னேயசுக்குப் பிறர் எழுதிய கடிதங்கள் இலண்டனுக்குப் போயின. அவர் பிறருக்கு எழுதியவையோ நண்பர் வீடுகளிலும் கழகங்களிலும் சிதறிக் கிடந்தன. அவ்வாறு கிடந்தவற்றுட் பல, காலப்போக்கில் சுவீடனின் நூலகங்களை அடைந்தன. 1620இல் நிறுவப்பெற்ற உப்சாலாப் பல்கலைக்கழக நூலகமும் அவற்றுள் ஒன்று. அவர் கடிதங்களைத் தொகுத்து அச்சிடும் பணியை, அவர் பிறந்து 200 ஆண்டுகள் நிறைவெய்திய 1907இல் அப்பல்கலைக்கழகமே தொடங்கியது.

கடிதங்களினும் சுவையானவை மாணவர் எழுதிய விரிவுரைக் குறிப்புகள். லின்னேயஸ் சிறந்த ஆசிரியர். அவர் வாயினின்று வந்த சொற்களை மாணவர் விரைந்து எழுதிக்கொண்டனர். ஆசிரியரின் பெட்டிகள் கடல் கடந்தபோதும், மாணவரின் குறிப்பேடுகள் சொந்த நாட்டிலேயே நின்றன. விலங்குலகம் பற்றி அவர் ஆற்றிய விரிவுரைகள் இத்தகைய குறிப்புகளைக் கொண்டே 1913இல் உப்சாலாவில் நூலுருப் பெற்றன. ஆசிரியர் அச்சிடாது விட்ட சொல்லையும் மாணவனின் கை காப்பாற்றியது.

இவற்றோடு ஆய்வேடுகளும் சேர்கின்றன. லின்னேயசின் தலைமையில் 180க்கு மேற்பட்ட ஆய்வேடுகள் அரங்கேறின. அக்கால வழக்கின்படி அவற்றுட் பெரும்பாலானவற்றின் பொருளை வழங்கியவர் பேராசிரியரே. மாணவர் அதனை அவையில் நின்று வாதிட்டு நிலைநாட்டுவர். ஆகவே முகப்பில் மாணவர் பெயர் இருப்பினும், உள்ளே கேட்பது லின்னேயசின் குரல் என்பதை ஆராய்ச்சியாளர் மறப்பதில்லை.

இவ்வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1672 முதல் சில ஆண்டுகள் இங்கு மருத்துவராய்ப் பணியாற்றிய போல் ஹேர்மன் என்பவர், நம் நாட்டுச் செடிகளை உலர்த்தித் தாள்களில் ஒட்டிச் சிங்களப் பெயர்களையும் குறித்து வைத்தார். பின்னர் லெய்டன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்து 1695இல் அவர் இறந்தார். அதன்பின் அத்தொகுதிகள் எங்கோ மறைந்தன. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்து, கொப்பன்ஹேகனில் அரச மருந்தாளராயிருந்த கியூந்தர் என்பவர், பெயரறியாத உலர்தாவர ஏடுகள் சிலவற்றை ஆராய்ந்து சொல்லுமாறு லின்னேயசுக்கு அனுப்பினார். அவை ஹேர்மனின் ஏடுகளே எனக் கண்டுகொண்ட லின்னேயஸ், இலங்கையை ஒருபோதும் பாராமலே, 1747இல் ‘இலங்கைத் தாவரங்கள்’ என்ற நூலை இலத்தீனில் வெளியிட்டார். அறுநூறுக்கு மேற்பட்ட செடிகள் அதில் இடம்பெற்றன. 1753இல் இரு சொற் பெயர்களை வகுத்தபோது இந்நூலையே அவர் பலவிடத்தும் சான்று காட்டினார். எனவே நம் செடிகள் பலவற்றின் விஞ்ஞானப் பெயர், இங்கு ஒல்லாந்தர் காலத்தில் ஒடித்த ஒரு கிளையையே சார்ந்து நிற்கின்றது. அவ்வேடுகள் பின்னர் சேர் ஜோசப் பாங்க்ஸ் கைக்கு வந்து, இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையில் உள்ளன. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஹென்றி டிரைமன், 1880களில் அவற்றை மீண்டும் ஆராய்ந்து, லின்னேயஸ் குறித்த செடி எதுவெனத் தெளிவுபடுத்தினார்.

பழைய தாளைப் பேணுவது வெறும் பெருமைக்காக அன்று என்பது இதனாற் புலனாகும். ஒரு பெயர் எந்தச் செடிக்கு உரியது என்ற ஐயம் எழும்போது, மூல ஏட்டையே புரட்ட வேண்டும். அவ்வேடு அழிந்திருப்பின் வழக்கைத் தீர்க்கச் சாட்சி இல்லை. இந்நாளில் உப்சாலாவிலும் இலண்டனிலும் உள்ள ஏடுகள் ஒளிப்படங்களாக்கப்பட்டுக் கணினி வழியே எந்நாட்டவரும் காணக் கிடைக்கின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு முன் கடல் பிரித்துவைத்த கடிதமும் மறுமொழியும் ஒரே திரையில் மீண்டும் சந்திக்கின்றன.

வாங்கிய ஸ்மித்தும் பேணினார். இழந்த உப்சாலாவும் எஞ்சியதைத் தேடிச் சேர்த்தது. ஏடுகள் யாருடையவை என்ற வழக்கினும், அவற்றைக் காப்பவர் உளரோ என்ற வினாவே பெரிது. நம் வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் பழைய கடிதங்களையும், மாணவர் குறிப்புகளையும், வைத்திய ஏடுகளையும் குப்பையென எரிக்குமுன் ஒருகணம் நின்று எண்ணுதல் நன்று. அவற்றுள் எது பின்னொரு நாளிற் சான்றாகுமென்பதை இன்று யாரும் அறியார்.