முதியோர் இல்லத்தைப் பார்வையிடும்போது குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

முதியோர் இல்லம் ஒன்றை முதன்முறையாகப் பார்க்கச் செல்பவர்களுக்கு வரவேற்பறை, பூசை அறை, தோட்டம், உணவுக்கூடம் ஆகியவையே பெரும்பாலும் காட்டப்படுகின்றன. இவை நன்றாக இருப்பது நல்லதே. ஆனால் இவற்றைக் கொண்டு பராமரிப்பின் தரத்தை அறிய இயலாது. தாமாக எழுந்து நடமாடும் முதியவர் ஏறக்குறைய எந்த இல்லத்திலும் சமாளித்துக் கொள்வார். தாமாகப் புரண்டு படுக்கவும் இயலாத ஒருவர் அங்கே எப்படி இருக்கிறார் என்பதையே நீங்கள் பார்க்க வேண்டும். உங்கள் தாயோ தந்தையோ இன்று நடமாடக்கூடியவராக இருப்பினும், சில ஆண்டுகளில் அந்த நிலைக்கு வரக்கூடும்.

இல்லங்களை ஆய்வு செய்யும் பொறுப்பு அரசு அலுவலர்களுக்கு உண்டு. எனினும் ஆய்வு என்பது சில மணி நேரத்தில் முடிந்துவிடுவது. மாதந்தோறும் சென்று வரும் குடும்பத்தினர் காணக்கூடிய பலவற்றை ஆய்வு அலுவலர் காண வாய்ப்பில்லை. மருத்துவப் பயிற்சி இல்லாத ஒருவரும் கவனித்தறியக் கூடியவை மட்டுமே இங்கு விளக்கப்படுகின்றன.

படுக்கையில் இருப்பவரின் தோல்

நீண்ட நேரம் ஒரே நிலையில் படுத்திருப்பவருக்கு எலும்பு துருத்திய இடங்களில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப் புண் உண்டாகிறது. முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் இரு பக்கங்கள், குதிகால்கள், கணுக்கால் ஆகியவை முதலில் பாதிக்கப்படும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின் நிறம் வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது புண்ணின் முதல் நிலை என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. நம் மக்களில் பலருக்குத் தோல் கருமையாக இருப்பதால் இந்தச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அவ்விடம் கருத்தோ ஊதா நிறமாகவோ காணப்படுகிறதா, தொட்டால் சூடாகவோ இறுகியோ இருக்கிறதா என்று பாருங்கள். வலிப்பதாக அவர் சொன்னால் அதையும் அறிகுறியாகவே கொள்ளுங்கள்.

படுக்கையில் இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது வழக்கமான நடைமுறை. காற்று மெத்தை போட்டிருக்கிறோம், ஆகவே புரட்ட வேண்டியதில்லை என்று சில இல்லங்களில் கூறுவதுண்டு. இது தவறு. காற்று மெத்தை அழுத்தத்தைக் குறைக்குமே தவிரப் புரட்டுவதற்கு மாற்றாகாது. எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் படுக்க வைக்கப்பட்டார் என்ற குறிப்பைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மாதக் குறிப்பு முழுவதும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரு நாள்கூட நேரம் மாறாமல் இருந்தால் அது ஒரே அமர்வில் எழுதப்பட்டதாக இருக்கலாம்.

நன்கு பராமரிக்கப்பட்டும் சிலருக்குப் புண் வருவதுண்டு. குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களுக்கும் உடல் மிகவும் மெலிந்தவர்களுக்கும். ஆகவே புண் இருப்பதை வைத்து மட்டும் இல்லத்தைக் குறைகூற வேண்டாம். அது எப்போது கண்டறியப்பட்டது, மருத்துவரிடம் எப்போது காட்டப்பட்டது, உங்களுக்கு ஏன் தெரிவிக்கப்படவில்லை என்று கேளுங்கள்.

எடை, உணவு, நீர்

ஓர் இல்லத்திற்குச் செல்லும்போது நான் முதலில் கேட்பது எடைப் பதிவேட்டைத்தான். மாதம் ஒருமுறை எடை பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை. ஆனால் அது சொல்லும் செய்தி பெரிது. ஒரு மாதத்தில் 5 விழுக்காடு, அல்லது ஆறு மாதத்தில் 10 விழுக்காடு எடை குறைந்தால் காரணம் கண்டறியப்பட வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு இது முறையே இரண்டரை கிலோ, ஐந்து கிலோ ஆகும். பல் செட் பொருந்தாமை, விழுங்குவதில் சிரமம், மனச்சோர்வு, கண்டறியப்படாத நோய் என்று காரணங்கள் பல. ஊட்டிவிட ஆள் இல்லை என்பதும் அவற்றுள் ஒன்று.

உணவுப் பட்டியலைப் படிப்பதைவிட ஒரு வேளை உணவு நேரத்தில் உடனிருப்பது பயன் தரும். தானாக உண்ண இயலாதவரின் தட்டு அருகில் வைக்கப்பட்டு, சற்று நேரத்தில் தொடப்படாமலே எடுத்துச் செல்லப்படுகிறதா என்று பாருங்கள். படுத்த நிலையில் கஞ்சியோ தண்ணீரோ புகட்டினால் அது மூச்சுக்குழாய்க்குள் சென்று நிமோனியா உண்டாகக் கூடும். நிமிர்த்தி உட்கார வைத்தே ஊட்ட வேண்டும். குடிக்கும்போதெல்லாம் இருமுபவரை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முதுமையில் தாக உணர்வு குறைந்துவிடும். அத்துடன், கழிப்பறைக்கு அழைத்துச் செல்ல ஆள் கூப்பிடுவதற்குத் தயங்கியே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக் கொள்ளும் முதியவர்கள் பலர். உதடும் நாக்கும் உலர்ந்திருத்தல், சிறுநீர் அடர்நிறமாகச் சொற்பமாக வெளியேறுதல் ஆகியவற்றைக் கவனியுங்கள். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் திடீரெனக் குழம்பிப் பேசினால் அதை வயதின் இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. நீரிழப்பு, சிறுநீர்த் தொற்று, நிமோனியா, மருந்தின் விளைவு ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை அது.

மருந்துகள்

ஒவ்வொருவருக்கும் தனிப்பெட்டியும், கொடுத்தவர் கையொப்பமிடும் பதிவேடும் இருக்க வேண்டும். இன்சுலின் செலுத்திக் கொள்பவராயின் கூடுதல் கவனம் தேவை. பயன்படுத்தாத இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைக்க வேண்டும். உறைபெட்டியில் வைத்து உறைந்து போனால் பயன்படுத்தக் கூடாது. ஊசி போட்டபின் உணவு தாமதமானால் சர்க்கரை தாழ்ந்துவிடும். இளையோருக்கு வியர்வை, நடுக்கம் எனத் தோன்றும் அந்நிலை, முதியவருக்கு வெறும் அசதியாகவோ உறக்கமாகவோ மட்டும் தெரியலாம். காலையில் ஊசி எத்தனை மணிக்கு, சிற்றுண்டி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

நீங்கள் செல்லும் பகல் வேளைகளிலெல்லாம் அவர் உறங்கிக் கொண்டே இருந்தால் மருந்துச் சீட்டை வாங்கிப் பாருங்கள். மறதி நோய் உள்ளவர்கள் இரவில் நடமாடுவதையும் கூச்சலிடுவதையும் அடக்க மயக்கம் தரும் மாத்திரைகள் சில நேரம் கொடுக்கப்படுகின்றன. இவற்றால் கீழே விழுதல் அதிகரிக்கும். மனநோய்க்கான மருந்துகள் சிலவற்றால் மறதி நோயாளிகளுக்குப் பக்கவாதமும் இறப்பும் நேரும் வாய்ப்பும் கூடுகிறது. இத்தகைய மருந்தை எந்த மருத்துவர், எதற்காக, எவ்வளவு நாளுக்கு எழுதினார் என்ற விவரம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரவு நேரம்

இயலுமாயின் மாலை மங்கியபின் ஒருமுறை செல்லுங்கள். இரவு இரண்டு மணிக்கு உங்கள் தாயார் அழைத்தால் வருபவர் யார், அவர் எத்தனை பேரைக் கவனிக்கிறார், எந்தத் தளத்தில் இருக்கிறார் என்று கேளுங்கள். "ஆள் இருப்பார்கள்" என்ற பதில் போதாது.

இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியிலேயே முதியோர் அடிக்கடி விழுகின்றனர். கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தால் பாதம் தரையில் பதிகிறதா, வழியில் மங்கலான விளக்காவது எரிகிறதா, தரை ஈரமின்றி இருக்கிறதா, கைப்பிடிக் கம்பி அசைத்தால் ஆடாமல் உறுதியாக இருக்கிறதா என்று நீங்களே நடந்து பாருங்கள். கழிப்பறைக் கதவு வெளிப்புறமாகத் திறப்பதும், தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்க முடிவதும் நல்லது. உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் உள்நோக்கித் திறக்கும் கதவைத் தள்ள இயலாது.

விழாமல் இருப்பதற்காகத் துணியால் கட்டிலோடு கட்டி வைத்திருக்கிறோம் என்று கூறினால் ஏற்காதீர்கள். கட்டப்பட்டவர் விடுபட முயன்றே காயமடைகிறார்; படுக்கைப் புண்ணும் தசை இளைப்பும் விரைவில் வரும். தீ விபத்தென்றால் தப்ப வழியே இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் வெளியேற இயலாமல், 28 பேர் உயிரிழந்தனர். முதியோர் இல்லத்திலும் அதே அபாயம் உண்டு. இரவில் வாயிற்கதவு பூட்டப்படுமாயின் சாவி யாரிடம் இருக்கிறது, நடக்க இயலாதவர்கள் ஏன் மேல்தளத்தில் தங்க வைக்கப்பட்டுள்ளனர் என்ற கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்.

குறை கண்டால்

முதியவரின் தோல் எளிதில் கன்றிப்போகும். ஆஸ்பிரின் போன்ற மருந்து உட்கொள்பவருக்கு மேலும் எளிது. ஆகவே ஒரு கன்றலைக் கண்டவுடன் பணியாளர்மீது பழி சுமத்த வேண்டாம். மேற்கையில் விரல் பதிந்தது போன்ற தடங்கள், மணிக்கட்டைச் சுற்றிய தடம், ஒவ்வொருவரும் வெவ்வேறாகக் கூறும் விளக்கம் ஆகியவை வேறு வகை. பணியாளர் அருகில் வந்ததும் அவர் பேச்சை நிறுத்திக் கொண்டால், தனியே அமர்ந்து பேச இடம் கேளுங்கள். உங்களிடம் குறை கூறியபின் தாம் அங்கேயே இரவைக் கழிக்க வேண்டும் என்ற அச்சம் அவருக்கு இருக்கும். எனவே அவர் கூறியதாகச் சொல்லாமல், நீங்கள் கண்டதாகவே நிர்வாகியிடம் பேசுங்கள்.

கண்டதைத் தேதியுடன் எழுதி வைத்து, காயமோ புண்ணோ இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி மருத்துவக் குறிப்பைப் பெற்றுக் கொள்ளுங்கள். நிர்வாகியிடம் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்தும் பயனில்லையெனில் மாவட்ட சமூக நல அலுவலரிடமோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ மனு அளிக்கலாம். இல்லத்தின் பதிவு நிலையையும் சமூக நல அலுவலகத்திலேயே கேட்டறியலாம். மூத்த குடிமக்களுக்கான கட்டணமில்லா உதவி எண் 14567. உயிருக்கு ஆபத்தான நிலையில் மருத்துவ ஊர்திக்கு 108, காவல்துறை உதவிக்கு 112 ஆகிய எண்களை முதலில் அழையுங்கள். மனு அதன்பின் எழுதலாம்.