கையுறையில் ஊறிய எண்ணெய்

சென்ற கோடையில் திருவொற்றியூரில் வீடு சந்திக்கச் சென்றிருந்தேன். ஒரு வீட்டு வாசற்கொடியில், குழந்தையின் சட்டைகளுக்கும் ஒரு சேலைக்கும் நடுவே, இரண்டு பெரிய தோல் கையுறைகள் நீர் சொட்டத் தொங்கின. குடும்பத் தலைவர் வெல்டர். "எண்ணெயும் வியர்வையுமாக நாறிற்று, சாமி. சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துத் துவைத்துவிட்டேன்" என்றார் அவர் மனைவி. மாலையில் அவ்வழியே திரும்பியபோது அக்கையுறைகள் கருவாடு போல் விறைத்திருந்தன, விரல் மடங்கவில்லை. அவரைக் குறைகூற நான் யார்? பரிசாக வந்த ஸ்வேட் காலணியைச் சோப்பு நீரில் கழுவிப் பாழாக்கியவன்தான் நானும்.

ஸ்வேட் என்பது பிரெஞ்சு மொழியில் ஸ்வீடன் நாட்டின் பெயர். அந்நாட்டு மென்தோல் கையுறைகளைப் பிரெஞ்சுக்காரர் 'ஸ்வீடன் கையுறை' என்றழைக்க, நாளடைவில் நாட்டின் பெயரே தோலுக்கும் ஆயிற்று. சீமான்களின் மேலங்கிக்கு உரியது அது என்று நாம் எண்ணுகிறோம். எண்ணூர்ப் பட்டறைகளிலும் காசிமேட்டில் படகு பழுதுபார்க்கும் இடங்களிலும் அதே இனத் தோலைத் தொழிலாளர் நாள்தோறும் அணிகின்றனர். தடித்த மாட்டுத் தோலை ஆலையில் ஏடு ஏடாகப் பிளக்கிறார்கள். வழவழப்பான மேலேடு காலணிக்கும் பைக்கும் போகிறது. இருபுறமும் பஞ்சிழை போல் நிற்கும் கீழேட்டுக்குத் தொழிலில் 'ஸ்பிளிட்' என்று பெயர். வெல்டரின் கையுறையும் ஏப்ரனும் பெரும்பாலும் இதில்தான் தைக்கப்படுகின்றன. குரோமிய உப்பால் பதனிட்ட தோல் வெப்பத்தை நன்கு தாங்கும், அதனாலேயே இத்தேர்வு.

வழவழப்பான தோலுக்கு மேற்பூச்சு உண்டு, ஸ்பிளிட்டுக்கு இல்லை. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல் அதன் இழைகள் கிரீஸையும் வியர்வையையும் உள்ளிழுத்துக்கொள்கின்றன. மேலங்கியில் இது அழகைக் கெடுக்கும் கறை மட்டுமே. வெல்டருக்கோ இது உயிர்ப் பிரச்சினை. எண்ணெய் ஊறிய தோலில் தீப்பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளும். எண்ணெய்க் கையுறையோடு ஆக்ஸிஜன் சிலிண்டரின் வால்வைத் தொடவே கூடாது. அழுத்தத்தில் பீறிடும் ஆக்ஸிஜன் பட்டால் பொறியின்றியும் எண்ணெய் தீப்பிடிக்கக்கூடும். வியர்வையின் ஆபத்து வேறு. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். வெல்டிங் மெஷினில், கம்பி மாற்றும் நேரத்தில் 80 வோல்ட் வரை இருக்கக்கூடும். உலர்ந்த கையுறை அதைத் தடுக்கும், நனைந்தது தடுக்காது.

எண்ணெய் பட்டவுடன் தேய்க்காதீர்கள். தேய்த்தால் அது இன்னும் ஆழமாக இறங்கும். பழந்துணியால் ஒற்றி எடுத்து, சோளமாவையோ முகப் பவுடரையோ முல்தானி மிட்டியையோ கனமாகத் தூவி ஓர் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். இழை உறிஞ்சிய எண்ணெயை மாவு தன்பால் இழுத்துக்கொள்ளும். காலையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்தெடுத்து, கறை நிற்குமானால் மறுபடியும் தூவலாம்.

வியர்வைக்கு முதல் மருந்து நிழலும் காற்றும். காய்ந்தபின் உப்புப் பூத்திருந்தால், வினிகரும் நீரும் சம அளவு கலந்து, துணியை அதில் நனைத்துப் பிழிந்து ஒற்றுங்கள். கறையை மட்டும் ஒற்றினால் அதைச் சுற்றி வளையம் விழும். ஆதலால் தையலிலிருந்து தையல் வரை ஒரே சீராக ஒற்ற வேண்டும். சாயமிட்ட மேலங்கியானால் உள்மடிப்பில் முதலில் சோதித்துப் பார்ப்பது நலம். உலர்ந்தபின் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் மெல்லத் தேய்த்தால் படிந்த இழை மீண்டும் எழும்.

சோப்பு ஏன் ஆகாது? பதனிட்ட தோல் புளிப்புத் தன்மை உடையது, சோப்போ காரம். தோலை இளக்கமாக வைத்திருக்க ஆலையில் ஊட்டிய கொழுப்பையும் அது கழுவிவிடும். பிறகு வெயிலில் போட்டால் சொல்லவே வேண்டாம். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கறையைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் அவற்றால் துடைத்த கையுறையோடு மறுநாள் நெருப்பின் அருகே நிற்பவர் உங்கள் கணவர் அல்லது மகன்.

இரண்டு மூன்று முறை மாவு தூவியும் எண்ணெய் வாடை போகாவிட்டால், அது தோலின் உட்புறம் வரை இறங்கிவிட்டது. எந்த மாவும் அதை எடுக்காது. விறைத்தது, தையல் விட்டது, ஓட்டை விழுந்தது ஆகியவற்றையும் வெல்டிங்குக்கு அனுப்பாதீர்கள். புதியது வாங்கித் தருவது பட்டறையின் கடமை. அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டுவதில்லை. இரண்டு ஜோடி இருந்தால் ஒன்று உலரும் நாளில் மற்றதை அணியலாம்.

போன மாதம் அந்த வீட்டுக்கு மறுபடியும் போனேன். கொடியில் துணிகள் மட்டுமே தொங்கின. புதிய கையுறைகள், விரல்களுக்குள் பழைய செய்தித்தாள் செருகப்பட்டு, திண்ணை நிழலில் கிடந்தன. பக்கத்தில் பவுடர் டப்பா. "பாப்பாவுடைய பவுடர்தான், சாமி" என்றார் அந்த அம்மா.