அழுகைக்கு ஒரு நேரம், கோபத்துக்கு ஒரு நேரம்

அரசு மருத்துவமனை ஒன்றின் பிரசவ வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். இங்கே ஒரு கட்டிலில் சர்க்கரை கொடுத்துக் கொண்டாடுவார்கள். பக்கத்துக் கட்டிலில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். மார்பில் பால் கட்டியிருக்கும். குடிக்கப் பிள்ளை இருக்காது. அவளுக்குப் பிரஷர் பார்க்கும்போது எனக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் அப்போது என் கை நடுங்கக் கூடாது. உதிரப்போக்கைக் கவனிக்க வேண்டும், மருந்தை அளவு தவறாமல் ஏற்ற வேண்டும். அடக்கிக்கொள்வேன்.

அடக்கியதை அப்படியே வீட்டுக்குச் சுமந்துபோவதில்லை. அடுத்த ஷிப்டுக்கு வரும் மூத்த சிஸ்டரிடம் சார்ஜ் கொடுக்கும்போது, "எட்டாம் நம்பர் பெட் பொண்ணைப் பார்த்தா மனசே ஆறலக்கா" என்று சொல்லிவிடுவேன். இருவரும் சேர்ந்து அழுத நாட்களும் உண்டு.

பாதிக்கப்பட்ட தாய்க்குத்தான் அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. "அழாதம்மா, தையல் பிரிஞ்சிடும்", "அடுத்த வருஷமே சிங்கக்குட்டி மாதிரி பெத்துக்கலாம்" என்று உறவினர்கள் வாயை அடைத்துவிடுகிறார்கள். அழுதால் தையல் பிரியாது. வலித்தால் வயிற்றின் மேல் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு அழலாம். நானே தலையணை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

கோபம் வேறு ரகம். கொட்டித் தீர்த்தால் ஆறிவிடும் என்று பலரும் நம்புகிறோம். அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வு அதைப் பொய்யாக்கியது. ஆத்திரமூட்டப்பட்ட மாணவர்களில் சிலர், தங்களைச் சீண்டியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தினார்கள். சிலர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களுக்குத்தான் கோபம் கூடுதலாக இருந்தது.

பயத்தில் கத்தும் கணவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர் குரல் உயர உயர, நான் குரலைத் தாழ்த்துவேன். அதற்காக என் கோபத்தை விழுங்கிவிடுவதும் இல்லை. அவர் ஆறிய பிறகு, "தம்பி, உங்க பயம் புரியுது. ஆனா சிஸ்டரை அப்படிப் பேசினது தப்பு" என்று நேராகச் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் தலையாட்டி ஒப்புக்கொள்வார்கள்.

2001 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு, அந்நகரக் கல்லூரி மாணவர்களை உளவியலாளர் ஜார்ஜ் பொனானோவின் குழு ஆராய்ந்தது. முடிவு 2004-இல் வெளியானது. உணர்ச்சியைக் காட்டவும் தெரிந்து, அடக்கவும் தெரிந்தவர்களுக்குக் காலப்போக்கில் மன உளைச்சல் குறைவாக இருந்தது. என் வார்டு அனுபவமும் அதையேதான் சொல்கிறது. என் உதவி ஒருவருக்குத் தேவைப்படும் நேரத்தில் அடக்குகிறேன். நம்பிக்கையானவர் கிடைத்ததும் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளையை இழந்த பெண்ணைப் பார்க்கப் போனால், தயவுசெய்து "அழாதே" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், அழ விடுங்கள். வாரக்கணக்கில் அவளுக்குச் சோறும் தூக்கமும் இல்லையென்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்பது அரசின் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.