மல்லிகைச் செடியா, புங்கமரமா? விழுப்புரம், திண்டிவனம் வீடுகளில் எதை, எங்கே வைக்கலாம்?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் புதுசா வீடு கட்டி முடித்தவர்களுக்கு அடுத்து வரும் கேள்வி இதுதான். மிச்சம் இருப்பது கொஞ்சம் இடம். அதில் தினமும் பூ தரும் குண்டுமல்லி வைப்பதா, வெயிலைத் தடுக்கும் புங்கமரம் வைப்பதா? ரெண்டையும் ஒரே இடத்தில் நெருக்கமாக வைத்துவிட்டால் சில வருடங்களில் மல்லிகை இலையாக மட்டும் நிற்கும், பூ இருக்காது. எதற்கு என்ன தேவை, யாருக்கு எது சரி? பார்க்கலாம்.

குண்டுமல்லி என்ன கேட்கும்?

முதல் தேவை வெயில். தினமும் குறைந்தது 6 மணி நேரமாவது நேரடி வெயில் பட்டால்தான் மொட்டு நிறைய வரும். நிழலில் செடி சாகாது, ஆனால் கொடி போல நீண்டு வளர்ந்து இலை மட்டும் விடும்.

நட்ட செடி சரியாகப் பராமரித்தால் 10 வருடங்களுக்கு மேல் பூக்கும். மார்ச் முதல் ஜூன், ஜூலை வரை நல்ல சீசன். பனிக்காலத்தில் பூ குறைந்துவிடும். அதனால்தான் தை, மாசி முகூர்த்த நாட்களில் மல்லி விலை கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டியது என்று செய்தி வருகிறது.

மல்லிகை புதுத் தளிரில்தான் பூக்கும். எனவே நவம்பர் கடைசி வாரத்தில் தரையில் இருந்து சுமார் ஒன்றரை அடி உயரத்துக்குக் கவாத்து செய்யணும். காய்ந்த குச்சிகளை எடுத்துவிட்டு தொழு உரம் போடணும். 'நல்லா இருக்கிற செடியை ஏன் வெட்டணும்?' என்று விட்டுவிட்டால் அடுத்த கோடையில் பூ குறையும்.

செடிக்குச் செடி 4 அடி இடைவெளி போதும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், அதனால் மேடாக்கி நடுவது நல்லது. இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு கலந்து இலையில் தெளிக்கலாம். மொட்டில் ஓட்டை தெரிந்தால் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளை உடனே பறித்து அழிக்க வேண்டும்.

புங்கமரம் என்ன தரும்?

நிழல். அதுவும் அடர்த்தியான நிழல். மாசி, பங்குனி வாக்கில் இலை உதிர்ந்தாலும் சீக்கிரமே துளிர்த்து, அக்னி நட்சத்திரம் தொடங்கும்போது மரம் முழுக்கப் பச்சையாக இருக்கும். நிழல் வெயிலை மட்டும் தடுக்கிறது. மரமோ அதற்கு மேல் இலை வழியாக நீராவியையும் வெளியேற்றி சுற்றியுள்ள காற்றைக் கொஞ்சம் குளிர்விக்கிறது. தகரக் கூரை நிழலுக்கும் மர நிழலுக்கும் வித்தியாசம் தெரிவது இதனால்தான்.

முதல் 2 கோடைக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும், பிறகு ஆணிவேர் தானே பார்த்துக்கொள்ளும். ஆடு, மாடு பெரும்பாலும் கடிக்காது. உப்புத்தன்மையையும் ஓரளவு தாங்கும். எனவே மரக்காணம் பக்கம் உவர் நீர் வரும் இடங்களுக்கும் பொருந்தும். அவரை, துவரை போலப் புங்கனும் வேர் முடிச்சுகளால் மண்ணில் தழைச்சத்து சேர்க்கும் குடும்பம்.

குறை? இடம் கேட்கும். வீட்டுச் சுவர், செப்டிக் டேங்க் இரண்டில் இருந்தும் குறைந்தது 15 அடி தள்ளி நட வேண்டும். மேலே மின்கம்பி போகக்கூடாது. இலையும் காயும் கொட்டும், தினமும் பெருக்கணும்.

திசை ஏன் முக்கியம்?

பலரும் தப்பு செய்யும் இடம் இதுதான். விழுப்புரமும் திண்டிவனமும் ஏறக்குறைய 12 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கின்றன. ஏப்ரல் 21, 22 வாக்கில் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருகிறது. அதன்பிறகு ஆகஸ்ட் 20 வாக்கு வரை உச்சிக்குச் சற்று வடக்கே நகர்கிறது. அதாவது மே மாதத்தில் சூரியன் மறைவது நேர் மேற்கில் அல்ல, வடமேற்கில்.

அப்போ பிற்பகலில் வீட்டைச் சுடுவது மேற்கு, வடமேற்குச் சுவர்கள். அந்தச் சுவர் பிடித்து வைத்த சூடுதான் ராத்திரி 10 மணிக்கும் படுக்கையறைக்குள் இறங்குகிறது. எனவே மரத்துக்கான இடம் மேற்கு அல்லது வடமேற்கு.

மல்லிகைக்கான இடம் கிழக்கு அல்லது தென்கிழக்கு. காலை வெயில் முழுசாகக் கிடைக்கும். தெற்குச் சுவர் ஓரமானாலும் பரவாயில்லை, சுவரில் இருந்து 2, 3 அடி தள்ளி வைத்தால் கோடையிலும் உச்சி வெயில் கிடைக்கும். இப்படிப் பிரித்து வைத்தால் மரத்தின் நிழல் பகலில் பெரும்பாலும் மல்லிகை மேல் விழாது.

புயல் வந்தால் மரம் விழாதா?

இந்தப் பகுதியில் இது நியாயமான பயம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது மரங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. 2024 நவம்பர் 30 இரவில் கரையைக் கடந்த ஃபெஞ்சல், புதுச்சேரி அருகே பல மணி நேரம் நகராமல் நின்றது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது.

மரம் விழக் காற்று மட்டும் காரணமல்ல. மண் ஊறி இளகும்போது வேரின் பிடி தளரும். அந்த நேரத்தில் தலை கனத்த மரம் பாய்மரம் போலக் காற்றை வாங்கும். நீங்கள் செய்ய வேண்டியவை:

• 8 அடி வளர்ந்த பாக்கெட் கன்று வேண்டாம். பைக்குள் வேர் சுருண்டிருக்கும். 2, 3 அடி கன்றே போதும்.
• அடிமரத்தைச் சுற்றி சிமென்ட் போடாதீர்கள். 3, 4 அடியாவது மண்ணாக விடுங்கள்.
• செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கிளைகளைக் குறையுங்கள். மொட்டை அடிக்க வேண்டாம், காற்று புகுந்து போகும் அளவுக்குக் கழித்தால் போதும்.
• வீட்டுக்கு அருகில் தூங்குமூஞ்சி, முருங்கை வேண்டாம். கிளை சுலபமாக முறியும்.

புளியமரம் வைக்கலாமா?

திண்டிவனத்தின் பெயரே புளியமரத்தில் இருந்து வந்தது. 'திந்திரிணி' என்றால் வடமொழியில் புளி, 'திந்திரிணி வனம்' என்றால் புளியங்காடு. ஊரில் உள்ள சிவன் கோவிலில் இறைவன் பெயரும் திந்திரிணீஸ்வரர். ஆனால் புளி பெரிய மரம். சாலையோரம், தோப்பு, ஏரிக்கரைக்குப் பொருத்தம். 3 சென்ட் மனைக்குப் பொருந்தாது.

3 சென்ட் இடம்தான் இருக்கு, என்ன செய்ய?

3 சென்ட் என்றால் சுமார் 1,300 சதுர அடி. வீடு போக 15 அடி இடைவெளி விட வழியே இருக்காது. அங்கே புங்கனை வலுக்கட்டாயமாக நடாதீர்கள். 10 வருடம் கழித்து சுவருக்காக வெட்ட வேண்டி வரும், அப்போது நிழலும் போய்விடும், செலவும் கையைக் கடிக்கும். இதற்கு 3 வழிகள் உண்டு.

1. கிழக்கே மல்லிகை, மேற்கே பந்தல் போட்டு ரங்கூன் மல்லி போன்ற கொடி. சுவருக்கு நிழல் கிடைக்கும், அடித்தளத்துக்குப் பெரிய மரத்தின் வேர்த் தொல்லை இல்லை.
2. பவழமல்லி. சிறு மரம். விடியலில் பூ உதிர்க்கும், லேசான நிழலும் தரும்.
3. கொஞ்சம் கூடுதல் இடம் இருந்தால் மகிழம். மணமுள்ள பூவும் அடர்ந்த நிழலும் ஒரே மரத்தில். மெதுவாக வளரும், பொறுமை வேண்டும்.

ஏற்கெனவே மரம் இருக்கிற வீட்டில் அதன் கீழே பூச்செடி வேண்டுமா? மல்லிகைக்குப் பதில் அரை நிழல் தாங்கும் நந்தியாவட்டை, இட்லிப்பூ வையுங்கள்.

முடிவாக எது?

5 சென்ட்டுக்கு மேல் இடமும் மேற்குப் பக்கம் காலியாகவும் இருந்தால் முதலில் மரத்தை நடுங்கள். மரத்துக்கு நாள் ஆகும், மல்லிகையை அடுத்த வருடமும் வைக்கலாம். இடம் குறைவு, தினமும் பூ வேண்டும் என்றால் மல்லிகை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் பெரிய தொட்டியில் மல்லிகைதான் சரி, வீடு மாறும்போது கையோடு எடுத்துப் போகலாம்.

உங்கள் மண்ணுக்கு எது ஏற்கும் என்ற சந்தேகம் இருந்தால் திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். புங்கன், வேம்பு கன்றுகளுக்கு வனத்துறை நாற்றங்கால்களில் விசாரிக்கலாம். குழி தோண்டும் முன் ஒருநாள் மாலை 3 மணிக்கு வீட்டைச் சுற்றி வந்து எந்தச் சுவர் சுடுகிறது என்று தொட்டுப் பாருங்கள். அந்தச் சுவர்ப் பக்கம்தான் உங்கள் மரத்துக்கான இடம்.